கரையில் என் ஆள்

என் தங்கச்சியைப் புயலுக்கு முன்னால் நிறுத்தியவன் நான். ஒரு வீடியோவுக்காக!

முகத்தைச் சுளிக்காதீர்கள். புயல் பார்க்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்திருந்தால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள்...

அப்புத்தளையில் ஒரு வாத்தியார், பதுளையில் ஒரு வங்கி எழுத்தர், ஹாலிஎலயில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நான், இன்னும் வேலைவெட்டியற்ற சில மேதைகள். கடலைக் காண அரை நாள் பஸ்ஸில் மலையிறங்க வேண்டியவர்கள்! ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் வங்காள விரிகுடாவே எங்கள் வீட்டுக் கொல்லை. புயலுக்கு முதல்படியான தாழமுக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். "இந்தத் தடவ பெருசுங்க!" வெட்கங்கெட்ட ஜென்மங்கள். அதில் முதல் ஜென்மம் நான்.

கரையில் யாருக்கு ஆள் இருக்கிறதோ அவனுக்குத்தான் குழுவில் மரியாதை. எனக்கு இருந்தது. தங்கச்சி மலர் கிழக்குக் கரையில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் வாசலில் நின்றால் அலை தெரியும்.

போன வருடம், புயல் நெருங்கிய மாலையில் அவளே அழைத்தாள். "அண்ணே, எல்லாரும் புயலுக்கு ஒதுங்க ஸ்கூலுக்குப் போறாங்க. அவரும் கொழும்புல. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நானும் போகவா? ஒனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

புயல் போகும் பாதையின் படம் என் போனில் இருந்தது. புயல் நேராக அவள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"வேணாம்மா, அது வடக்கால திரும்பிரும். வீட்டுலயே இரு. அலை ஏறுச்சுன்னா ஒரு வீடியோ எடுத்து அனுப்பு" என்றேன்.

அண்ணனாம்... அண்ணன்!

புயலோ பிசுபிசுத்துப் போனது. ஒரு முருங்கை முறிந்ததோடு சரி. குழு இழவு வீடானது. வாத்தியார் அழாத குறை. விடிந்ததும் மலரின் வீடியோ வந்தது. தூறல், நனைந்த ஒரு கோழி, பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு. எனக்கு நிம்மதி வந்ததா? இல்லை... இவ்வளவுதானா என்று எரிச்சல் வந்தது. த்தூ! நானெல்லாம் ஒரு மனிதன்!

"ஸ்கூலுக்குப் போனவங்கதான்ணே ராவெல்லாம் ஒழுகுற கூரைக்குக் கீழ கெடந்தாங்க. எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் மலர். அந்தப் பெருமை எனக்கு இனித்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஐப்பசியிலும் தாழமுக்கம் வந்திருக்கிறது. மத்தியானம் மலர் அழைத்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்களும் இங்கதான் நிக்கிறாங்கண்ணே. ஒன்னயக் கேட்டுட்டுத்தான் போறதா இருக்கறதான்னு பாப்பாங்களாம்."

"போ! இப்பவே எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ!"

அவள் சிரித்தாள். "போன தடவ இதவிடப் பெருசுன்னாங்க. அப்ப இருன்னு சொன்ன. சும்மா வெளையாடாதண்ணே."

போன தடவை பொய் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்களிடம் சொல்ல முடிகிறது... அவளிடம் முடியவில்லை.

இப்போது நான் அழைத்தால் அவள் எடுப்பதே இல்லை. போய்விட்டாளா, வீட்டில்தான் இருக்கிறாளா, தெரியவில்லை.

குழுவில் வாத்தியார் கேட்டிருக்கிறார்: "தம்பி, கரையில ஒங்க ஆளு இருக்குதானே?"