டெக் மாட்டிய காலை

நான் மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனால் அடையாறிலிருந்து தரமணி வரைக்கும் மைதானம் இருக்கிற எந்த இடத்திலும் கேட்டுப் பாருங்கள், குட்டி டிராக்டரில் புல் வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். இன்ஜினீயர் படித்தவர்களே வண்டி மக்கர் பண்ணினால் எனக்குத்தான் போன் போடுவார்கள். சொந்த வண்டி, சொந்த உழைப்பு. கூட நின்றது என் மனைவி ஒருத்திதான்.

வண்டியின் வயிற்றுக்கு அடியில், பிளேடு சுற்றுகிற அகலமான இரும்புப் பெட்டி ஒன்று தொங்கும். டெக் என்போம். மழைக்காலத்தில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முறிந்து விழுந்த கிளைகளை டிரெய்லரில் இழுப்போம். கழற்றுவது சுலபம். மாட்டுவதுதான் பாடு. பக்கவாட்டில் அடியே தள்ளி, முன்னால் கொக்கியில் கோத்து, பின்னால் இரண்டு இரும்புப் பின் போட்டு, கடைசியாக இன்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்டை, பிளேடைச் சுற்றுகிற தண்டை, டெக்கில் சொருக வேண்டும். அதன் கழுத்து வளையத்தை விரலால் பின்னுக்கு இழுத்துப் பிடித்துத் தள்ளினால், டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் ஓட்டினால் ஷாஃப்ட் பிய்த்துக்கொண்டு பறக்கும். அந்த இடுக்கில் என் கை நுழையாது, அவளுடைய ஒல்லிக் கை நுழையும். கண்ணுக்கும் தெரியாத இடம், விரல் சொல்வதுதான். பன்னிரண்டு வருஷமாக அவள் "ஆச்சு" என்றால் நான் சாவியைத் திருப்புவேன்.

போன மழைக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன், அப்புறம் ஊசி மருந்து. முடி கொட்டியதற்குக்கூட அவள் அழவில்லை. "டெக்க நான் வந்துதான் மாட்டுவேன். வேற ஆள் வச்சேன்னா பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். அதை மாட்டுகிற அன்றைக்கு வியாதி போய்விட்டது என்று அவளாக வைத்துக்கொண்ட நம்பிக்கை. தை பிறந்தும் நான் மாட்டவில்லை. மைதானத்தில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. மைதானத்து ஆபீசில் கூப்பிட்டுக் கத்தினார்கள். வண்டி ரிப்பேர் என்றேன். என் வண்டியை என் வாயாலேயே ரிப்பேர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தை முடிகிற சமயத்தில் ஒரு காலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். கொக்கி, பின் எல்லாம் நான் போட்டேன். அவள் படுத்துக் கையை உள்ளே விட்டாள். வெகுநேரம் ஆனது. பிறகு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "ஆச்சுயா."

எனக்கு அந்த 'டக்' சத்தம் கேட்கவில்லை.

சாவியில் கை வைத்தேன். திருப்ப முடியவில்லை. "ஒரு டீ வாங்கிட்டு வாமே" என்றேன். அவள் நகர்ந்ததும் அடியில் புகுந்தேன். ஷாஃப்ட் சும்மா நுனியில் உட்கார்ந்திருந்தது. புறங்கைத் தோல் உரிய, இரண்டு விரலை எப்படியோ கொண்டுபோய் வளையத்தை இழுத்தேன். டக்கென்று பூட்டியது. திரும்பினால் அவளுடைய கால் தெரிந்தது. டீ வாங்கும் சொம்பை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள்.

"இப்பதான பூட்டுச்சு?"

"இல்லமே. நீ போட்டதுதான். சும்மா ஆட்டிப் பாத்தேன்."

"நீ என்னிக்குயா ஆட்டிப் பாத்த?"

வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்தே விரலில் உணர்ச்சி இல்லையாம். தோசைக்கல்லில் பட்டால்கூட கொப்புளம் வந்த பிறகுதான் தெரிகிறதாம். திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லவில்லையா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை.

"ஆள் பாத்துக்கோ" என்றாள். "நானே சொல்றேன், போ."

வண்டியை எடுத்தேன். முதல் சுற்று முழுக்க வேலியோரம் நின்று பார்த்தாள். புல் அடர்ந்திருந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. இரண்டாவது சுற்றுக்குத் திரும்பியபோது, வெறும் சொம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் டீக்கடைப் பக்கம் திரும்பாமல், கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.