மௌத்து வீட்டுக்கு ஒரு கோல்

முக்காட்டை அயன் பண்ணுவது நௌபரின் வேலை. கமராவில் தெரிவது தலையும் தோளும்தான். அதற்குக் கீழே மனைவி எந்தப் பழைய கவுணை உடுத்தியிருந்தாலும் அவருக்குப் பொறுப்பில்லை. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் காலை முறை முடித்து வந்து, பகல் சோறு தின்று, அவள் வேலை தொடங்கும் இரண்டரை மணிக்கு முன் முக்காட்டை நீவிக் கதிரையில் போட்டுவிடுவார். "வெள்ளக்காரன் சுருக்கத்தைப் பாத்துத்தான் சம்பளம் போடுறான் போல," என்பது அன்றாடப் பேச்சு.

ஜெஸீமாவுக்கு வயது நாற்பத்து நான்கு. லிங்கநகர் வீட்டின் முன்னறையில் இருந்தபடி, இங்கிலாந்தில் வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்துகிற சிறு கம்பனி ஒன்றுக்கு இணையவழி உதவியாளராக இருக்கிறாள். எந்தத் திருத்துநர் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று ஒழுங்கு பண்ணுவது அவள் பாடு. குளிர் என்று ஒன்றை அவள் கண்டதில்லை. மார்கழி மழைக்கு ஃபேனை ஓர் எண் குறைப்பதோடு சரி. ஆனாலும் தனியே இருக்கும் கிழவிகளின் பெயரைப் பட்டியலின் உச்சிக்குத் தூக்கிப் போட்டுவிடுவாள். "அது விறைச்சுப்போய்க் கிடக்கும், பாவம். ஓபிஸ் ஆக்கள் பொறுக்கட்டும்."

சேர்ந்தபோது கம்பனி ஒரு கையேடு அனுப்பியது. யாரையும் 'சேர்', 'மிஸ்' என்று கூப்பிடக் கூடாது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த வாரம் நடந்த நல்லது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் ஒரு குடும்பம்.

முதலாவது அவளுக்கு இன்றுவரை ஏலவில்லை. முகாமையாளர் கிளேருக்கு எழுதும்போது 'மிஸ்' என்று அடித்துவிட்டு அழிப்பாள்; வாயால் கதைக்கும்போது அழிக்க வழியில்லை. இரண்டாவதுக்குத் தெருவில் திரியும் ஊர் மான்கள் கைகொடுத்தன. கேற் திறந்து கிடந்த நேரம் மான் ஒன்று புகுந்து கரண்ட் பில்லைத் தின்றுவிட்டுப் போன கதையைச் சொன்னாள். இப்போது கிழமைக்குக் கிழமை மானைச் சுகம் விசாரிக்கிறார்கள். மூன்றாவதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். வினை அங்கேதான்.

போன திங்கட்கிழமை, அவளோடு வேலை செய்யும் றூத் என்ற பெண்ணின் தகப்பனார் இறந்துபோனார். றூத்தைத் தனியே விடுங்கள், தயவுசெய்து ஒருவரும் அவளுக்குப் போனில் கோல் எடுக்க வேண்டாம் என்று கிளேர் எல்லோருக்கும் எழுதினாள். ஜெஸீமா அதை இரண்டு தரம் வாசித்தாள். மௌத்து வீட்டுக்குப் போகாதவளைப் பத்து வருஷம் கழித்தும் ஏதாவதொரு கலியாண வீட்டில் வைத்துச் சொல்லிக்காட்டுகிற ஊர் அவளுடையது. இரண்டு நாள் பொறுத்தாள். புதன்கிழமை வேலை தொடங்கியதும் றூத்துக்குக் கோல் எடுத்தாள்.

அன்று மாலையே கிளேரிடமிருந்து செய்தி: நாளை இரண்டரைக்கு நாம் இருவர் மட்டும் கதைக்க வேண்டும், றூத்தைப் பற்றி. இந்த மாதத்தோடு ஜெஸீமாவின் ஆறு மாதத் தவணை முடிகிறது. நிரந்தரமாக எடுப்பதும் விடுவதும் கிளேர் கையில்.

"வேணாமெண்டு எழுதித்தானே போட்டிருந்தாங்க. வாசிக்கத் தெரியாதா உனக்கு?" வியாழன் பகல், அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நௌபர் கேட்டார்.

"வாசிச்சுப்போட்டுத்தான் எடுத்தன்."

"அது அவங்கட முறை, ஜெஸீமா."

"குடும்பமெண்டு புத்தகத்தில அடிச்சுத் தருவாங்களாம். மௌத்துக்குக் கதைக்கப்படாதாம். அதென்ன குடும்பம்?"

"வேலை போனாத் தெரியும், என்ன குடும்பமெண்டு. பிறகு நான் ஆருக்கு அயன் பண்ணுற?"

அவள் சிரிக்கவில்லை. போட்டு வைத்த சோறு கோப்பையிலேயே கிடந்தது.

இரண்டரைக்குத் திரையில் வந்த கிளேர் சுற்றி வளைக்கவில்லை. சொன்னதை மீறியது பிழை, இனி இப்படியொன்று வந்தால் முதலில் என்னிடம் கேளுங்கள் என்றாள். "சரி மிஸ்," என்றாள் ஜெஸீமா. பிறகு கிளேர் மீதியைச் சொன்னாள். மற்றப் பதினான்கு பேரும் தன் சொல்லைக் கேட்டார்களாம். மூன்று நாளில் றூத்தின் போன் ஒரேயொரு தரம்தான் அடித்ததாம். அந்தக் கோல் எடுத்த ஆள் முதலில் கேட்டது, சாப்பிட்டீர்களா என்று. அதன் பிறகுதான் றூத் எழும்பிப் போய் இரண்டு முட்டை பொரித்தாளாம். இதையெல்லாம் நேற்றே றூத் தனக்கு எழுதியிருந்தாளாம்.

"முதலாம் திகதியிலிருந்து நீங்கள் நிரந்தரம்," என்றாள் கிளேர். றூத்தின் தகப்பனாரின் அடக்கம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் என்பதையும் போகிற போக்கில் சொன்னாள்.

ஜெஸீமா ஹெட்செட்டைக் கழற்றினாள். காதோரமெல்லாம் வியர்வை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுக் கோப்பையை இழுத்து, ஆறிப்போன சோற்றை நின்ற நிலையிலேயே அள்ளித் தின்றாள். அவ்வளவு நேரமும் கதவோரம் நின்ற நௌபருக்கு இங்கிலிஷ் விளங்கவில்லை. அவள் தின்ற வேகத்தில் பாதி விளங்கியது.

"வேலை இரிக்கா?"

"இரிக்கி. நிரந்தரமாம்."

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார். "ஏசல்லையா?"

"ஏசிப்போட்டுத்தான் தந்த." வாயில் சோற்றோடு சொன்னாள். "அந்தாளை இன்னும் அடக்கல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமையாம். திங்கக்கிழமை மௌத்தான ஆள். நம்மட ஊரெண்டா அண்டைக்கே அடக்கியிருப்பம். பதினொரு நாளும் அந்தப் புள்ள தனிய இரிக்கப்போகுது."

"பாவம்தான். எண்டாலும் இனிக் கேட்டுப்போட்டுத்தானே கோல் எடுப்பாய்?"

ஜெஸீமா கையைக் கழுவிக் கவுணில் துடைத்தாள். மேசையில் கிடந்த போனை எடுத்தாள்.

"உன்னிட்டத்தான் கேக்கிறன், ஜெஸீமா."

பெருவிரலால் திரையில் றூத்தின் பெயரைத் தேடிக்கொண்டே குசினிப் பக்கம் போனாள். போகிற போக்கில் காலால் கதவைச் சாத்தினாள்.