தொண்டியாகிப் போன பேனாக்கத்தி

மடக்குக் கத்தி சேர்க்கிறவனை வீட்டில் கிறுக்கன் என்பார்கள், வெளியில் ரவுடி என்பார்கள். அவன் போராட்டக்காரனாகவும் இருந்துவிட்டால் போலீஸ்காரரும் தன் பங்குக்கு ஒரு பெயர் வைப்பார். எனக்கு மூன்று பெயரும் உண்டு. பேனாக்கத்தியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடுகிற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூரில் மேடை மேடையாக ஏறிச் சொன்னவன் நான். சொல்லியும் புரியாத சங்கதிகளோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

சத்தம்

நல்ல மடக்குக் கத்திக்குப் பூட்டு கிடையாது. முதுகில் ஓர் எஃகு வில் மட்டும் இருக்கும். அலகைத் திறந்தால் அந்த வில் 'டக்' என்று பிடிக்கவேண்டும்; மூடினாலும் அதே 'டக்'. சத்தம் மந்தமாக வந்தால் வில் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே துரு ஏறியிருக்கிறது. ஆகவே நான் கத்தியைக் காதால்தான் வாங்குவேன். மான்கொம்புப் பிடி, பித்தளைத் தகடு, நகம் கொடுத்துத் திறக்கும் பள்ளம் எல்லாம் அதற்குப் பிறகு.

கோட்டாறில் பொன்னையா அண்ணாச்சியின் இரும்புக்கடைக்குச் சீமைக் கத்தி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் வைத்துத் திறந்தேன், மூடினேன். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து என்னையே பார்த்தார்கள். அண்ணாச்சி கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார்.

"ஓய், கத்தி வாங்க வந்தீரா, கச்சேரிக்குத் தாளம் போட வந்தீரா?"

கொழும்புக்காரர்

என்னிடம் வந்து சேர்ந்ததிலேயே சிறந்த கத்தி அஞ்சுகிராமத்தில் கிடைத்தது. கொழும்பில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பிய ஒருவரிடம் கூட்டத்துக்கு இடம் கேட்கப் போயிருந்தேன். அவர் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் ஷெஃபீல்டு கத்தி. இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி, பிடியின் நடுவில் பெயர் வெட்டுவதற்காக விட்ட சின்ன வெள்ளைத் தகடு. அவர் அதை மூடியபோது வந்த சத்தத்தை நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

கேட்டேன். விற்பதற்கில்லை என்றார். சரி, வந்த காரியத்தையாவது பார்ப்போம் என்று மொழியைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் பேசத் தொடங்கினேன். மாம்பழம் தீர்ந்தது. வெற்றிலை தீர்ந்தது. நான் ஆற்றுநீர் உரிமைக்கு வந்திருந்தேன். அவர் முகம் கனிவதைக் கண்டு, ஆள் நம் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கத்தியைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"கூட்டத்துக்கு இடம் கெடையாது. இந்தாரும், கத்திய எடுத்துக்கிடும். பேச்ச மட்டும் நிறுத்தும்."

ழ

அந்த வெள்ளைத் தகட்டில் என் பெயரை வெட்ட எனக்கு மனமில்லை. என் பெயரில் என்ன இருக்கிறது? நாங்கள் எந்த மொழிக்காக அடிபட்டோமோ அந்த மொழியின் எழுத்து ஒன்று இருக்கட்டும் என்று, கோட்டாறு ஆசாரி ஒருவரிடம் 'ழ' வெட்டச் சொன்னேன். எங்கள் ஊரில் ழகரத்தைப் பச்சைப்பிள்ளையும் சுத்தமாகச் சொல்லும். சென்னையிலிருந்து வரும் பேச்சாளர்கள் அதை வாயில் போட்டு மெல்லுவதைக் கேட்டிருக்கிறேன்.

தகடு விரல் நகத்தளவுதான். ஆசாரி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உளியை வளைத்து வளைத்துப் பார்த்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"தமிழுக்கு 'த' போராதா வோய்? கோடு போட்டா முடிஞ்சிரும். இது சுத்திச் சுத்தி என் கண்ணு அவிஞ்சிரும் போலிருக்கு."

மாரகாயுதம்

பாறசாலைக்கு அப்பால் ஒரு கூட்டம். அந்தத் தாலுகாவும் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். நோட்டீஸ் கட்டின் சணலை அறுத்துவிட்டுக் கத்தியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். போலீஸ் வேன் வந்து நின்றது. ஸ்டேஷனில் ஏட்டு என் பையைத் துழாவிக் கத்தியை எடுத்தார். "மாரகாயுதம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மலையாளத்தில் எழுதினார். கொலைக் கருவி என்று அர்த்தம். தகட்டைத் திருப்பிப் பார்த்து, "இதெந்தா, பாம்போ?" என்றார். தமிழ் எழுத்து என்றேன். சுருண்டு கிடப்பதையும் கீழே வால் தொங்குவதையும் விரலால் காட்டி, பாம்பு என்றே எழுதிக்கொண்டார். கேஸில் பிடித்த பொருளுக்கு எங்கள் பக்கம் தொண்டி என்று பெயர். ஆக, பாம்பு உருவம் வெட்டிய கத்தி தொண்டியாயிற்று.

எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆயுதம் என்பதை மறுப்போம் என்று விளக்கினேன். இதற்குப் பூட்டு இல்லை, இதால் யாரையும் குத்த முடியாது, அழுத்தினால் மடங்கி, வைத்திருப்பவன் விரலைத்தான் வெட்டும் என்றேன். ஏட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. மேஜையில் ஓங்கிக் குத்தினார். நான் சொன்னபடியே மடங்கியது. ஆள்காட்டி விரலில் ரத்தம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்றெ விரல் முறிஞ்ஞு. அப்போ ஆயுதம் தன்னே!"

பாளை அரிவாள்

ஜெயிலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தமிழ் பேசினதற்காக உள்ளே இருக்கிறேன் என்ற பெருமை சோற்றிலுள்ள கல்லையும் செரிக்க வைக்கும். வெளியே வந்தேன், கத்தி வரவில்லை.

புதுக்கடையில் எங்கள் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய பிறகு, துக்கம் கேட்க அந்தப் பக்கம் போனேன். செத்தவர்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தவனுக்குக் கத்தியைப் பற்றிய நினைப்பே கூச்சமாக இருந்தது. ஆனால் பனையேறித் தோழன் தங்கையன் அதை மறக்கவில்லை. கத்தியைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டதாமே என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். பாளை சீவுகிற அரிவாளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான். அது அவனுக்குச் சோறு போடுகிற கருவி. இதை வைத்து நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். கத்தி சேர்க்கும் அன்பர்களே, இந்தப் பதிலை நீங்களும் ஒரு நாள் கேட்டிருப்பீர்கள்.

"மடங்காட்டா என்ன அண்ணோ? வெட்டும்லா?"

மனு

தொண்டியைத் திரும்பப் பெற மனுப் போடவேண்டும். போட்டேன், தமிழில். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தது: மலையாளத்தில் எழுதித் தருக. மறுபடி தமிழில் போட்டேன். மறுபடி வந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் நாலு வரி மலையாளத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார். அந்த நாலு வரியை எழுதுவதற்கா நான் அடிபட்டேன்? மாட்டேன் என்றுவிட்டேன். வருஷங்கள் போயின. மழைக்காலம் வந்தால் தொண்டி வைக்கிற அறையில் ஈரம் இருக்குமே, வில் துருப்பிடிக்குமே என்று படுக்கையில் புரளுவேன்.

என் மனைவி செல்லம்மை என் சேகரிப்பிலிருந்த ஒரு கத்தியால் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"களியக்காவிளை சந்தையில வாழக்கொலைக்கு வெல பேசும்போ மட்டும் மலையாளம் மடமடன்னு வருது. கத்திய கேக்கணும்னா நாக்கு ஒட்டிக்கிடுதோ?"

நவம்பர்

ஐம்பத்தாறு நவம்பரில் நாலு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கேட்டது அதைவிட அதிகம். அந்தக் கணக்கை இங்கே எழுதினால் எனக்கு மார் வலிக்கும். சர்க்கரை கொடுத்தார்கள், தின்றேன். மறுவாரமே நாகர்கோவிலில் ஓர் ஆபீஸுக்குத் தமிழ் மனுவோடு போனேன். சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குமாஸ்தா, நல்ல பையன், உட்காரச் சொன்னார். மனுவைப் படித்தார். "தொண்டின்னா என்ன சார்? அது தமிழா?" என்று கேட்டு, அதை அடித்துவிட்டு 'வழக்குப் பொருள்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு விசாரித்துவிட்டு, அந்தக் கோர்ட் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, இப்போது அது வேறு மாநிலம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் எழுந்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு சார். ஒரு மலையாளி இவ்வளவு சுத்தமா பேசி நான் கேட்டதே இல்ல."

ஒப்பு

கடைசியில் நானே எல்லை தாண்டினேன். நான் எதிர்பார்த்த சண்டை அங்கே இல்லை. கோர்ட் குமாஸ்தா வயதானவர். வழக்கெல்லாம் ஓய்ந்துபோயிற்று, மனுவைத் தமிழிலேயே கொடுங்கள் என்றார். இத்தனை வருஷம் இடித்துக்கொண்டிருந்த கதவு, கை வைத்ததும் திறந்துகொண்டது. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. கத்தியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மான்கொம்பு கறுத்திருந்தது. தகட்டில் ழ அப்படியே இருந்தது.

ஒரு ஒப்பு வேண்டும் என்றார். கையெழுத்தை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள், நாங்களும்தான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னேன். பாம்பு உருவம் வெட்டிய கத்தி என்னுடையது, பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. அது பாம்பு இல்லை, ழ. அதை மட்டும் திருத்துங்கள் என்றேன். ஏட்டு எழுதியதைத் தான் திருத்தக் கூடாது, பாம்பு இல்லையென்றால் கத்தி உங்களுடையதும் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு என்மேல் இரக்கம்தான்.

"சாரே, பாம்பெந்நு பறஞ்ஞால் பாம்பு கடிக்கில்ல. ஒப்பிடூ."

கத்தியை எடுத்துத் திறந்தேன். 'டக்' என்றது. ஒரு குறையும் இல்லை, அஞ்சுகிராமத்தில் கேட்ட அதே சத்தம். மூடினேன். இன்னொரு தடவை திறந்து மூடினேன். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு, பேனாவையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டேன். நாலு தாலுகாவைத் தமிழோடு சேர்த்த எங்களால், ஒரே ஓர் எழுத்தைப் பாம்பிலிருந்து மீட்க முடியவில்லை.