திரையில் குத்திய மெடல்

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால் சர்க்கார் நியூஸ் ரீல் ஒன்று ஓட்டுவார்களே, எங்கோ அணையைத் திறப்பார்கள், எங்கோ வெள்ளம் வரும், யாரோ ராட்டை சுற்றுவார்கள். கொட்டகையில் பாதிப் பேர் அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே போய் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி வருவார்கள். நான் மட்டும் அசையாமல் பார்ப்பேன். டிக்கெட்டு வாங்கியாயிற்று, அணைக்கட்டை மட்டும் விடுவானேன்?

அன்றைக்கு டெல்லியில் சினிமாக்காரர்களுக்கு விருது கொடுக்கிற விழாவைக் காட்டினார்கள். பெரிய மண்டபம், வரிசையாகப் பூந்தொட்டி. ஒவ்வொருவராக மேடைக்கு வந்தார்கள், குனிந்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். படத்தில் ஒரு பட்டாளத்தையே ஒற்றைக் கையால் அடித்துப் போடுகிற ஆசாமிகூட முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தனாவது நிமிந்து நின்னு வாங்குறானா பாரு!" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைப்பு. முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். பக்கத்தில் யாரோ மல்லாட்டையை உடைத்தார்கள். அந்த வறுத்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் விழுப்புரத்தில் இல்லை. திண்டிவனத்தில், பஞ்சாட்சரத்தின் படக்கொட்டாயில், மணலில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மீசை முளைத்து, வேலை மட்டும் முளைக்காத வயசு. விழுப்புரத்திலிருந்து ரயிலேறித் திண்டிவனம் போய், பஞ்சாட்சரத்தின் டூரிங் டாக்கீஸில் சேர்ந்தேன். என்ன வேலை என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. பகலில் மாட்டு வண்டியில் ஏறித் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஓமந்தூர் வரைக்கும் படத்தின் பெயரைக் கத்த வேண்டும். மாலையில் படம் ஓடும்போது 'இடைவெளி'யைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி என்றால், கொட்டாயில் இருந்தது ஒரே மெஷின். ஒரு ரீல் தீர்ந்து அடுத்ததை மாட்டும் வரைக்கும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ராஜா வாளை ஓங்கிய இடத்தில் ரீல் தீர்ந்துபோகும். ஜனங்கள் விசிலடிப்பார்கள், மணலை வாரி இறைப்பார்கள். அந்த நேரத்தில் நான் திரைக்கு முன்னால் போய் நின்று எதையாவது பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். "ராசா கையி வலிக்குதாம், கொஞ்சம் தேச்சி வுட்டுக்கினு வருவாரு" என்கிற தரத்தில்தான் இருக்கும் என் நகைச்சுவை. இன்றைக்கும் அதைத் தாண்டவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஜனங்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்துப் படங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. கதாநாயகன் பாம்பு கடித்துச் சாவான், விஷம் தலைக்கேறிய பிறகும் முழுப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் சாவான். அதைப் பார்த்து நாங்கள் தேம்பித் தேம்பி அழுதோம். இப்போதெல்லாம் சீக்கிரம் செத்துவிடுகிறார்கள், அழுவதற்கே நேரம் கிடைப்பதில்லை.

பஞ்சாட்சரத்துக்கு நாடகப் பைத்தியம். நாடகத்தில் ஒரு வழக்கம் இருந்தது, நன்றாக நடித்தவருக்கு ஊர்ப் பெரியவர் யாராவது நடுவிலே மேடையேறி நெஞ்சில் மெடல் குத்துவார். அந்த வழக்கத்தை மொதலாளி சினிமாவுக்குக் கொண்டு வந்தார். இதில் ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. நடிகர் மெட்ராஸில் இருக்கிறார், இங்கே இருப்பது துணிதான். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கடைசி நாள் காட்சியில் மெடல் உண்டு என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னார்.

"யாருக்குங்க மெடலு?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்டா. ஜனங்க படத்துக்கா வர்றாங்க? உன் வாய்க்குத்தான் வர்றாங்க. சொந்தக்காரங்க இருந்தா இட்டுக்கினு வா."

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். கண்டாச்சிபுரத்தில் என் அம்மாவின் அண்ணன் இருந்தார், மல்லாட்டை வியாபாரம். அவர் மகள் அலமேலு எனக்கு முறைப்பெண். சின்ன வயசில் பேசி வைத்ததுதான். நான் கொட்டாயில் சேர்ந்ததும் மாமா பின்வாங்கிவிட்டார். "தகரத்தை வாயில வெச்சிக்கினு தெருத்தெருவா கத்துறவனுக்குப் பொண்ணா?" என்றாராம். ஊர் கூடியிருக்கிற இடத்தில் நெஞ்சில் ஒரு மெடல் ஏறினால் அந்த மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். கெஞ்சிக் கூத்தாடி மாமாவைக் குடும்பத்தோடு வரவழைத்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அலமேலு தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில்.

இரண்டு ரீல் ஓடியிருக்கும். மொதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மெட்ராஸிலேர்ந்து படக் கம்பெனி ஆளுங்க வந்துகீறாங்க. மெடல அவங்க ஈரோவுக்கே குத்திடலாம். அடுத்த படம் நமக்கு மொதல்ல வரும். நீ நம்ம வூட்டுப் புள்ள, உனக்கு அப்பால பாத்துக்கலாம்."

"எங்க மாமா வந்து குந்திக்கினு இருக்காருங்க."

"இருக்கட்டுமே. கலரு சோடா வாங்கிக் குடு."

அறிவிப்புச் செய்கிறவனும் நான்தானே? எனக்கு வர வேண்டிய மெடல் இன்னொருவருக்கு என்று என் வாயாலேயே தகரக் குழாயில் சொன்னேன். கதாநாயகரின் படத்தைக் கண்ணாடி சிலைடில் திரையில் விழ வைத்தார்கள். மொதலாளி மெடலும் கையுமாக வந்தார். இங்கேதான் அடுத்த இடைஞ்சல். அவர் குள்ளம், கதாநாயகரின் நெஞ்சோ உயரத்தில் இருந்தது. பெஞ்சைக் கம்பெனி ஆட்களுக்குப் போட்டுவிட்டார்கள். நான் தென்னை மாதிரி வளர்ந்தவன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பெஞ்சு இன்னாத்துக்கு? நீ கொஞ்சம் குனி."

குனிந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார், அந்த மரியாதையை மறைக்க மாட்டேன். என் முதுகில் நின்றுகொண்டு துணியில் மெடலைக் குத்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாட்டைத் தோல் நிறையக் கிடந்தது.

காட்சி முடிந்ததும் மாமா வந்தார். "மெடலு எங்கடா மாப்ளே? முதுகுல ஒட்டிக்கினு கீதா? திரும்பு, பாக்கலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கண்டவன் ஏறி நிக்கிற முதுகு. எம் பொண்ணு பாத்துக்கினு இருந்தா. இந்தப் பேச்ச இத்தோட வுட்டுரு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அன்றைக்கே வேலையை விட்டிருக்கலாம். ரோஷக்காரன் விடுவான். நான் பழிகாரன், அதனால் விடவில்லை.

மெடல் கனம், துணி பழசு. மொதலாளி இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மெடல் தன் பாரத்தால் துணியைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்திருந்தது. அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். திரையில் வெள்ளி ரூபாய் அளவுக்கு ஓர் ஓட்டை நின்றது. யுத்த காலம், கட்டிக்கொள்ளவே துணி கிடைக்காதபோது திரைக்கு எங்கே போவது? பின்பக்கம் ஒட்டுப் போட்டார்கள். காற்றடித்தால் ஒட்டு கழன்றுவிடும். வெளிச்சம் விழும்போது அந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. ஜனங்கள் முதலில் கவனிக்கவில்லை. கவனிக்க வைக்கத்தான் நான் இருந்தேனே.

மறுநாளே இடைவெளியில் ஆரம்பித்தேன். "அய்யாமாரே, அம்மாமாரே, இந்த ஓட்டைய லேசா நெனைக்காதீங்க. இது எங்க மொதலாளி குத்துன மெடலு. இந்தத் தெரையில யாரு வந்தாலும் அவங்களுக்கு மெடலு உண்டு. இன்னிக்கி யாருக்குன்னு பாத்துக்கினே இருங்க!"

அடுத்த ரீலில் வில்லனின் நெற்றியில் வந்து நின்றது அந்தப் பொட்டு. "மெடலு!" என்று ஒருத்தன் கத்தினான். அதோடு தொற்றிக்கொண்டது. மந்திரிக்கு மெடல், யானைக்கு மெடல், நிலாவுக்கு மெடல். கதாநாயகி மடியில் குழந்தை சாகிற கட்டம், பெண்கள் பகுதியில் ஒரே விசும்பல். அவள் ஓவென்று வாயைத் திறந்தாள், ஓட்டை சரியாக அந்த வாய்க்குள் போய் உட்கார்ந்தது. அழுத கண்ணோடு மொத்தக் கொட்டாயும் "மெடலு!" என்று அலறியது. மொதலாளி டிக்கெட் வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"டேய், நெறுத்தச் சொல்லுடா. என் மானம் போவுது."

"நான் இன்னாங்க பண்றது? ஜனங்க உங்க மெடலத்தான கொண்டாடுறாங்க" என்றேன்.

என் பழிவாங்கலில் ஒரே ஒரு குறை. கூட்டம் பெருகிவிட்டது. ஓட்டையைப் பார்க்கவே ஓமந்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மனுஷனை ஒழிக்கப் பார்த்து, ஆளை முன்னைவிட நன்றாக வாழ வைத்தேன். எனக்கு வாய்த்த சாமர்த்தியம் அவ்வளவு.

ஆனால் காலம் வந்தது. அந்தக் கதாநாயகரே காரில் புதுச்சேரிக்குப் போகிற வழியில் திண்டிவனத்தில் இறங்கிக் கொட்டாய்க்கு வரச் சம்மதித்தார். மொதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நடித்த படத்தையே போட ஏற்பாடு. என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கி மட்டும் ஓட்டையப் பத்தி வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன்" என்றார். திறக்கவில்லை, நம்புங்கள். சுற்று வட்டாரமே வந்திருந்தது. மாமாவும் வந்திருந்தார், குடும்பத்தோடு. நடிகரை நேரில் பார்க்க வருகிறவருக்கு ரோஷமெல்லாம் குறுக்கே நிற்காது.

படம் ஓடியது. கதாநாயகரின் முகம் திரை முழுக்க வந்தது. மூக்கு நுனியில் ஓட்டை. கொட்டாயே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மனுஷர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், யாருக்குத் தைரியம் வரும்? அப்போது பெண்கள் பகுதியிலிருந்து ஒற்றைக் குரல், கணீரென்று: "மெடலு!"

அவ்வளவுதான். தட்டிகள் அதிர்ந்தன. ரீல் தீர்ந்து விளக்குப் போட்டும் சிரிப்பு அடங்கவில்லை. கதாநாயகர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"எதற்காகச் சிரிக்கிறார்கள்?" என்றார் மொதலாளியிடம். அவர் என்னைப் பார்த்து முறைத்தார். நடிகர் என் பக்கம் திரும்பினார். கேட்டால் சொல்ல வேண்டுமல்லவா? தகரக் குழாயை எடுத்துச் சொன்னேன். "எங்க மொதலாளி உங்களுக்கு மெடலு குத்துனாருங்க. அது துணியில நிக்கல, ஓட்டை மட்டும் நின்னுக்கிச்சு. மெடலு அவரு பையில கீதுங்க."

"எங்கே?" என்று கையை நீட்டினார் நடிகர். மொதலாளி சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நடிகர் அதைத் தொடக்கூட இல்லை. "என் மூக்கை அறுத்த மெடல் எனக்கு எதற்கு? இதோ நிற்கிறானே, வாயாடி, இவனுக்கே குத்துங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்."

கோபத்தில் சொன்னதுதான், பாராட்டு இல்லை. எனக்கு எதுவானால் என்ன? மொதலாளி என் எதிரில் வந்து நின்றார். அவர் தலை என் நெஞ்சுக்கும் கீழே.

"கொஞ்சம் குனிடா" என்றார் மெதுவாக.

நான் குனியவில்லை. சொல்லப்போனால், இருந்த உயரம் போதாமல் குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன். அவர் எக்கினார். பெஞ்சில் நடிகரின் ஆட்கள், எழுந்திருக்கச் சொல்ல முடியாது. மறுபடியும் எக்கினார். "எக்குங்க மொதலாளி, இன்னும் கொஞ்சம்!" என்று ஜனங்கள் உற்சாகப்படுத்தினார்கள். கடைசியில் எட்டிய இடத்தில் குத்தினார். தொப்புளுக்குச் சற்று மேலே. உலகத்திலேயே வயிற்றில் மெடல் வாங்கியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஊசி சட்டையோடு தோலிலும் ஏறியது. வேண்டுமென்றே செய்தாரா தெரியாது. அப்போதும் நான் குனியவில்லை.

மாமா வந்து என் வயிற்றை உற்றுப் பார்த்தார். "மொதலாளியவே எக்க வெச்சிட்டியேடா" என்றார். வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, "ஆவணியில ஒரு நாளு பாக்கச் சொல்றேன்" என்றார். அந்த ஒற்றைக் குரல் யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மொதலாளியைக் கூப்பிடவில்லை. வேலையை விட்டேன், விழுப்புரத்துக்கே திரும்பினேன். திண்டிவனம் போகும்போதெல்லாம் அவர் இருக்கிற தெரு வழியாக, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ரயிலேறுவேன். அவரும் பார்ப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருஷக்கணக்கில் எங்கள் இருவருக்கும் இருந்த போக்குவரத்து அதுதான்.

கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது ரைஸ் மில். யுத்தம் முடிந்து புதுத் திரை வந்ததும் ஓட்டைத் துணியைக் கிழித்து எண்ணெய் இஞ்சின் துடைத்தார்களாம். இன்றைய திரைகளில் ஓட்டையே இல்லை. கதாநாயகர்கள் மூக்கும் முழியுமாக வருகிறார்கள், அழுகிற கட்டத்தில் ஜனங்கள் கடைசி வரைக்கும் அழுகிறார்கள்.

போன வருஷம் பஞ்சாட்சரம் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். அலமேலு, "இப்பவாவது அந்த மெடல அவருகிட்டயே குடுத்துட்டு வாங்க" என்றாள். கொண்டுபோகவில்லை. அது என்னுடையது.

அவரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். மாலையோடு பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. நின்றவாக்கில் போட முடியாது. சுற்றிப் பார்த்தேன், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தேன்.

அந்தத் தெருவில் இனி எனக்கு நடக்க வேலை இல்லை. கொஞ்ச நாளாக முதுகு லேசாக வளைந்துவிட்டது. வயசு என்கிறார் டாக்டர். அவருக்குப் பஞ்சாட்சரத்தைத் தெரியாது.