ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் எங்கள் நாய்

எங்கள் நாய்க்குச் சூடு ஆகாது. வெயில் ஏறினால் வீட்டில் எங்கே குளிர்ச்சியோ அங்கே போய் மல்லாந்துவிடும். நாலு காலும் மேலே, நாக்கு ஒரு பக்கம், கூடவே குறட்டை. குளியலறை, தண்ணீர்க் குடத்தடி, அப்போதுதான் கழுவிவிட்ட சமையலறைத் தரை. புதிதாகப் பார்க்கிறவர்கள் பதறுவார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

போன சித்திரையில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இல்லை, அவரும் அக்காவும்தான். செய்தி கேட்டதும் கேட்டைக்கூடச் சாத்தாமல் ஓடினேன்.

மதியம் கூடம் நிறையப் பெண்கள். நடுவில் அண்ணனைக் கிடத்திய ஃப்ரீசர் பெட்டி. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கி, அழுகை உச்சத்தில் இருந்தது. யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

"உங்க நாயிங்களா அது?"

பெட்டிக்கு அடியில், சொட்டிய தண்ணீரில், எங்கள் நாய் மல்லாந்து கிடந்தது. குனிந்து காலைப் பிடித்து இழுத்தேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பெட்டிமேல் விழுந்து அழுதுகொண்டிருந்த ஒரு பெரியம்மா கீழே பார்த்தார்.

"ஐயையோ, நாயும் கூடவே போயிடுச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது. அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், சத்தமே வெளியே வந்துவிட்டது. கூடம் அடங்கியது. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நாயை அப்படியே வாரிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணனை எடுக்கும்போதுகூட நான் போகவில்லை.

காரியத்துக்குக் கணவரை மட்டும் அனுப்பினேன். அக்கா வாசலில் நின்றால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். மார்க்கெட்டுக்குக்கூட அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். நாய் மல்லாந்தால் காலால் தள்ளி எழுப்பினேன். அது புரியாமல் பார்க்கும்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் பால் பூத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"எனக்குந்தான் சிரிப்பு வந்துச்சு" என்றார். "முந்தானைய வாயில அடைச்சிக்கினு இருந்தேன். அவரு இருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அசட்டுத்தனமாகச் சிரிக்கவும் ஆரம்பித்தேன்.

"சிரிச்சதுக்கு ஒண்ணும் இல்லம்மா. பக்கத்து வூடு. அப்புறம் நீ ஒருநாளும் எட்டிப் பாக்கலியே, அதான்."

அன்று சாயங்காலமே போனேன். அக்கா டீ கொண்டுவந்தார். அடுப்படியில் ஏற்கெனவே இரண்டு டம்ளருக்கு இருந்ததாம். ஒரு ஆளுக்கு அளவு வைக்க இன்னும் கை வரவில்லை, தினமும் மீந்துபோகிறது என்றார். தலை நிமிராமல் குடித்தேன்.