ஊக்குக் குத்திய முதல் பக்கம்

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தேன். அந்த இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு. பால் ஆற்றிக் கொடுப்பதும் மூக்குத் துடைப்பதும்தான் வேலை. எழுத்துச் சொல்லித்தர யாரும் கேட்கவில்லை. நானே தட்டுத்தடுமாறிப் படித்தவள். படம் போட்ட அரிச்சுவடி ஒன்று கைக்கு வந்ததும் ஆசை விடவில்லை, அவ்வளவுதான்.

முதல் பக்கத்திலேயே வம்பு. அ என்றால் அம்மா. படத்தைக் காட்டியதும் ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கும். அது போதும், தொட்டிலில் கிடப்பதுவரை எல்லாம் சேர்ந்து அழும். அந்தப் பக்கத்தை அட்டையோடு சேர்த்து ஊக்குக் குத்தி மூடிவிட்டேன். எங்களுக்கு எழுத்து ஆட்டில் தொடங்கியது. "உங்க ஸ்கூல்ல ஆடுதான் ஹெட்மாஸ்டருங்களா?" என்பார், கொழுந்து எடுப்பவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி.

அந்த மழைக்காலத்தில் ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. மகளோ அவள் சேலையைப் பிடித்த பிடியை விடாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குத் தாய் தினமும் பேர் கூப்பிட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். இன்னொரு நாள் பிந்தினால் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"நான் என்னாத்தக்கா செய்ய? சேலையை வெட்டியா வச்சிட்டுப் போக?" என்றாள். அன்று பிள்ளையைப் பிய்த்து என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

பால் எடுக்கத் திரும்பினேன். அழுகை சட்டென்று நின்றது. பார்த்தால், அந்தக் குட்டி ஊக்கைக் கழற்றி முதல் பக்கத்தைத் திறந்துவைத்திருக்கிறது. மற்றவை சுற்றி நின்றன. படத்தில் ஒரு பெண் பட்டுச்சேலையும் பூவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு?"

"அம்மா," என்றேன், வருவது வரட்டும் என்று.

"கூடை எங்க?"

நான் வாய் திறக்குமுன் இன்னொரு பிள்ளை சொன்னது: "லீவு போட்டிருக்காங்க."

"காய்ச்சலா?"

"பூ வெச்சிருக்காங்க பாரு. கல்யாணத்துக்குப் போறாங்க."

யாரும் அழவில்லை. புதுக்குட்டிக்கு மட்டும் திருப்தியில்லை. "கூடை போடு," என்றது. பென்சிலால் முதுகில் ஒரு கூடையும் தலையில் அதன் கயிறும் போட்டேன். கூடை பானை மாதிரி வந்தது. பிள்ளை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போயிட்டு வரட்டும்," என்று புத்தகத்தை மூடியது. அவ்வப்போது திறந்து பார்க்கும். "இன்னும் முடியல," என்று மூடும்.

சாயங்காலம் தாயிடம் படத்தைக் காட்டி, "நீ," என்றது.

"பட்டுக் கட்டிக்கிட்டா கொழுந்து எடுக்கிறா, அக்கா? அட்டை கடிக்கலையாமா?" என்று சிரித்தாள் தாய்.

மறுநாள் காலையிலும் பிள்ளை ஒரு கையில் சேலையைப் பிடித்தபடிதான் வந்தது. புத்தகத்தை நீட்டினேன். அதை வாங்க அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தாய் நம்பாமல் நின்றாள்.

"நிக்காதீங்க, போங்க," என்றேன்.

பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது எங்கள் ஜன்னலுக்குக் கேட்கும். அன்று அவள் பேருக்குப் பதில் வந்தது.