மேடையில் சொன்னது

மிளகாய் நாற்றங்காலில், கணுக்கால் வரை ஈரமண்ணோடு நின்று அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி அறுபது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. அவர் என் தங்கையின் கணவர். திருப்புல்லாணிக்கு மேற்கே எங்கள் ஊரில் மானாவாரி விவசாயி.

சீனப் படை எல்லை தாண்டிய ஆண்டு அது. கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள்: போரா, பேச்சுவார்த்தையா? மதுரையில் கல்லூரி ஆசிரியனாக இருந்த என்னையும் அழைத்திருந்தார்கள். யார் எந்த அணியில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வது எங்கள் ஊர் வழக்கம். பேச்சுவார்த்தையே தகும் என்று நம்பியிருந்த எனக்குப் போர் அணி விழுந்தது. வெள்ளையனை நடுங்கவைத்தவன் என்ற ஒரே காரணத்தால் ஜெர்மானிய சர்வாதிகாரியின் மீது எங்கள் பக்கத்தில் பலருக்கு அப்போதும் ஒரு பரிவு இருந்தது. டீக்கடையில் அவன் படம்கூடத் தொங்கியது. அந்தப் பரிவைத் தொட்டுப் பேசினேன். நாட்டுக்கு வேண்டியது வாக்குப்பெட்டியன்று, ஒரே குரலில் ஆணையிடும் ஒருவன். அவன் கைகாட்டும் எல்லைக்குப் போகத் தயங்குபவன் ஆண்மகனே அல்லன் என்றேன். அந்த ஜெர்மானியனின் முகாம்களில் மாண்டவர்களைப் பற்றி நான் படித்திருந்தேன். எதிரணியினர் அதை எழுப்பவில்லை, நானும் சொல்லவில்லை. கைதட்டல் ஓய நேரமாயிற்று. நடுவர் எங்கள் அணிக்கே தீர்ப்பளித்தார்.

மறுநாள் காலை, பேருந்து ஏறுமுன் விடைபெற்றுக்கொள்ள நாற்றங்காலுக்குப் போனேன். ராமநாதபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொன்னவர், நிமிர்ந்து கேட்டார்.

“மச்சான், நேத்து மேடையில சொன்னீகளே, அது உங்க மனசுல உள்ளதுதானா?”

சீட்டில் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். கைதட்டல் இன்னும் என் காதில் இருந்தது.

“அதுல என்ன மாப்ள சந்தேகம்” என்றேன்.

அந்த வாரமே போய்ப் பெயர் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து மேற்கெல்லையில் நடந்த போரில் இறந்தார். உடல் வரவில்லை. தந்தியைத் தங்கைக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அண்ணன் பேச்சைக் கேட்டுப் போனவர் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அவள் படுக்கையில் விழுந்தாள். அன்று நான் பேசியது என் கருத்தன்று, சீட்டில் விழுந்த அணிக்காகப் பேசியது என்று அவளிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

“சீட்டுக் குலுக்குனது ஊருக்கே தெரியும்ணே. அவுகளுக்கும் தெரியும். தெரிஞ்சதுனாலதான ஒங்கிட்டத் தனியாக் கேட்டாக.”

மூன்றாம் நாள் அவளும் போய்விட்டாள். நான் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருவரும் இப்போது இல்லை.